சுவற்றில் ஈரம்

ஜனவரி 9

அழுமூஞ்சித் தம்பிக்கு,

நான் சுகம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு போட்ட சண்டையின் கைங்கரியம். உன் காது எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. நீ போனை வைத்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக்கூடாது. என்ன சொல்லணுமோ எழுதிக்கோங்க. அப்பவாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க." எனவே இந்தக் கடிதம். நீ குறுக்கே பேச முடியாது என்பதை நினைத்தாலே ஜில்லென்று இருக்கிறது.

நான் சொல்ல வந்து நீ சொல்லவிடாதது இதுதான். என் பிழைப்பு ஈரம். வீட்டில் சுவர் நனைந்தால் ஜனங்கள் செல்போனை எடுத்துத் தேடுகிறார்கள். தேடினால் என் வலைப்பக்கம் முதலில் வருகிறது. படிக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள், நான் போய்ப் பார்க்கிறேன். விளம்பரப் பலகை கிடையாது, தரகர் கிடையாது. அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு கட்டுரையும் நான் ஏணி போட்டு ஏறி, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்த சுவரைப் பற்றியது.

நீ என்ன சொல்கிறாய்? உங்கள் கம்பெனியில் ஒரு ஏஐ கருவி இருக்கிறது, சொல்லைக் கொடுத்தால் கட்டுரையைக் கொட்டும், மாதம் நாற்பது கட்டுரை போட்டால் தேடலில் என்னை யாரும் அசைக்க முடியாது என்கிறாய். மாதம் நாற்பது சுவரை நான் பார்ப்பதில்லை, தம்பி. பார்க்காத சுவரைப் பற்றி என் பக்கத்தில் ஒரு வரி வராது. இதை நீ பிடிவாதம் என்றாய். ஆமாம், பிடிவாதம்தான். அதற்கு இப்போது என்ன?

இன்னொன்று. நீ அனுப்பிய செய்தியில் மறுபடியும் "சுவற்றில்" என்று எழுதியிருந்தாய். சுவர். சுவரில். சுவரை. "சுவற்றில்" என்றால் "சுவறு" என்று ஒரு பொருள் இருக்க வேண்டும். நான் ஏறி இறங்காத வீடில்லை, எந்த வீட்டிலும் அதைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 24

ஈரக்காரம்மாவுக்கு,

உன் வாடிக்கையாளர்கள் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? வலது காது சரியாகிவிட்டது, இடது காதில் நீ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய். மற்றபடி நான் நலம். அம்மாவை மொட்டைமாடிக்கு ஏறவிடாதே. துணி காயப்போட வேறு இடமே இல்லையா வீட்டில்?

குறுக்கே பேச வழியில்லாததால் உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். இப்போது நீ வாயை மூடிக்கொண்டு என்னுடையதைப் படி.

உன் பக்கத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தேன். ஜனங்கள் எந்தச் சொல்லை அடித்துத் தேடுகிறார்கள் என்ற விவரம் எங்களிடம் இருக்கிறது. "சுவரில் ஈரம்" என்று தேடுகிறவர்கள் உன்னை மாதிரி நாலு தமிழாசிரியர்கள். மற்ற எல்லாரும் "சுவற்றில் ஈரம்" என்றுதான் தேடுகிறார்கள். அந்தச் சொல்லை நீ எங்கேயுமே வைக்கவில்லை. நாளைக்கு ஒருத்தன் வைப்பான். வைத்தால் உன் தலைக்கு மேலே போய் உட்காருவான். அப்போது இலக்கணப் புத்தகத்தைக் காட்டி அவனை இறக்க முடியாது.

அடுத்து, உன் நக்கல். கட்டுரை ஆரம்பத்தில் நக்கல், நடுவில் நக்கல், விஷயம் கடைசிப் பத்தியில் வருகிறது. அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? உன் "அழுமூஞ்சிச் சுவர்" கட்டுரையைக் கருவியில் போட்டு ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் படி ஒன்று, படி இரண்டு என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. சும்மா பார்ப்பதற்குத்தான், பயப்படாதே. அப்படியே அந்தப் பெயரையும் மாற்றினால் புண்ணியம். என் பட்டப்பெயரை ஊரெல்லாம் படிக்கிறது.

ஒரு நல்ல செய்தி. எங்களுக்குப் பெரிய பெயிண்ட் கம்பெனி ஒன்று வாடிக்கையாளராக வந்திருக்கிறது. அந்தப் பிரிவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவற்றில் மூக்கு இடிக்கும், அது வேறு விஷயம். அம்மாவிடம் கதவைப் பற்றி மட்டும் சொல்.

அன்புடன்
தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் கண்ணாடிக் கதவும் நலமென்று நம்புகிறேன். அம்மா அந்தக் கதவைப் பற்றிப் பக்கத்து வீடு, எதிர்வீடு, தபால்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். மொட்டைமாடிக்குப் போகாமல் இப்போது நாற்காலி முதுகில் துணி காய்கிறது. உட்கார இடமில்லை.

நீ சொன்னது நடந்துவிட்டது. ஒருத்தன் வந்து என் தலைக்கு மேலே உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரமாக என் போன் செத்துக் கிடக்கிறது. போன மழைக்கு ஊரில் பாதிச் சுவர் நனைந்திருக்க வேண்டும், ஒரு அழைப்பு இல்லை. நானே தேடிப் பார்த்தேன். என் பக்கம் எங்கேயோ அடியில். முதலில் வருவது ஒரு பெயிண்ட் கம்பெனியின் பக்கம். தலைப்பைக் கேள்: "சுவற்றில் ஈரமா? அழுமூஞ்சிச் சுவருக்கு மூன்றே படிகளில் தீர்வு!"

அழுமூஞ்சிச் சுவர்! இந்தச் சொல் எந்தப் பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது? நம் பழைய வீட்டு நடு அறையில் ஜன்னலின் இரண்டு கீழ் மூலையிலிருந்தும் கண்ணீர் வழிந்த மாதிரி இரண்டு கோடு இறங்கும். நீ எதற்கெடுத்தாலும் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அழுவாய். "இவன் அழுது அழுது சுவருக்கும் தொத்திக்கிச்சு" என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து நம் வீட்டில் நாலு பேர் சொன்ன சொல். அப்பா போய்விட்டார், மிச்சம் மூன்று பேர். அதை வெளியே எழுதியவள் நான் ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு இடத்தில். தலைப்பைப் பார்த்ததுமே ரத்தம் கொதித்து மூடிவிட்டேன், மேலே படிக்கவில்லை.

உனக்கு இந்த உலகம் தெரியும். யார் செய்த வேலை இது என்று விசாரித்து எழுது. வேறு யாரிடமும் நான் கேட்க முடியாது, நீதான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இக்கடிதம் தங்களையும் தங்கள் குடும்பத்தார் அனைவரையும் நல்ல உடல்நலத்துடனும் மனமகிழ்ச்சியுடனும் சந்திக்கும் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் தாங்கள் வெளிப்படுத்தியுள்ள உணர்வுகளை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். தங்கள் கவலை முற்றிலும் நியாயமானது.

இன்றைய வேகமாக மாறிவரும் இணைய உலகில், உள்ளடக்கங்கள் பல்வேறு மூலங்களிலிருந்து உருவாகின்றன. முதலாவதாக, ஒரே கருத்து பல இடங்களில் தோன்றுவது இயல்பானதே. இரண்டாவதாக, தேடல் தரவரிசை பல காரணிகளைச் சார்ந்தது. மூன்றாவதாக, போட்டி என்பது வளர்ச்சிக்கான வாய்ப்பாகும். சுவரில் ஏற்படும் ஈரத்தைத் தொடக்கத்திலேயே கவனிப்பது எவ்வளவு முக்கியமோ, உறவுகளில் ஏற்படும் மனக்கசப்பைத் தொடக்கத்திலேயே களைவதும் அவ்வளவு முக்கியம். சுவரில் விரிசல் விழலாம், அன்பில் விழக்கூடாது.

முடிவாக, தாங்கள் நேர்மறைச் சிந்தனையுடன் முன்னேறிச் செல்ல என் மனமார்ந்த வாழ்த்துகள்.

என்றும் அன்புடன்
தங்கள் சகோதரன்


ஏப்ரல் 10

என் தம்பியின் விலாசத்தில் இருப்பவருக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் இத்துடன் திரும்பி வருகிறது. சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறேன். என் தம்பி அந்தப் பக்கம் வந்தால் காட்டவும்.

அவன் பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்றுதான் சொல்லியிருக்கிறான். கோபம் வந்தால் "ஏய்". "தாங்கள்" என்று அவன் என்னைச் சொல்ல வேண்டுமானால் நான் நீதிபதியாக வேண்டும், அவன் கூண்டில் நிற்க வேண்டும்.

"குடும்பத்தார் அனைவரையும்" என்று போட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அம்மா, நான், அவன். இந்த வீட்டில் இருப்பது அம்மாவும் நானும். "அனைவரும்" என்பது யார்? அம்மா இந்த வரியைக் கேட்டுவிட்டு, "என் முழங்காலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்றாள். அப்புறம் துணி மடிக்கப் போனாள்.

கடைசியாக, இரண்டு இடத்தில் "சுவரில்" என்று வந்திருக்கிறது. இரண்டும் சரி. என் தம்பி வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சரியாக எழுதியதில்லை. அவனுக்காக நான் தவம் கிடந்த ஒரு எழுத்து, அவன் எழுதாத கடிதத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

இனி உனக்கு. நான் கேட்டது ஒரே கேள்வி, யார் செய்த வேலை என்று. இப்போது நேராகவே கேட்கிறேன்: நீயா? அதற்கு "ஆமாம்" அல்லது "இல்லை" போதும். ஜனவரியில் வெள்ளோட்டம் விட்டேன் என்று நீயே எழுதினாய். பெயிண்ட் கம்பெனி வந்திருக்கிறது என்றும் நீயேதான் எழுதினாய். எனக்குக் கூட்டத் தெரியும். இருந்தாலும் உன் வாயால் கேட்கவேண்டும். இன்னொரு முறை மெஷினை விட்டு எனக்குப் பதில் எழுதினால், நானும் ஒரு மெஷின் வாங்கி உனக்கு எழுதச் சொல்லுவேன். அதுகள் இரண்டும் சுகமா சுகமா என்று கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்.

உன் அக்கா


மே 19

தம்பிக்கு,

பதில் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்குத் தூக்கம் சரியில்லை, அம்மாவுக்கும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நீங்கதானே ஈரக்காரம்மா? முதல்லயே உங்ககிட்ட வந்திருக்கணும்" என்றார். போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே காரை மணம். பின் அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள் அகலத்துக்குப் பூச்சு முழுக்க உரிந்து விழுந்திருக்கிறது. விழுந்த இடம் அவருடைய அப்பாவின் கட்டில். பெரியவர் பகலெல்லாம் அதில்தான் படுத்திருப்பார். அன்றைக்கு மதியம் குளியலறைக்குப் போயிருந்தார். தலையணை இருந்த இடத்தில் கிடந்த கட்டியை என்னால் ஒரு கையால் தூக்க முடியவில்லை.

சுவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு கோடு, அழுமூஞ்சிச் சுவர். தண்ணீர் வெளியே ஜன்னல் விளிம்பில் நுழைந்து உள்ளே இறங்குகிறது. வெளியே அடைக்க வேண்டும். இவர்கள் உள்ளே பூசியிருக்கிறார்கள், தண்ணீர் விடாத பெயிண்ட், ஒன்றுக்கு இரண்டு பூச்சு. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே நின்று ஊறியிருக்கிறது.

"உள்ள அடைக்கச் சொன்னது யாரு?" என்றேன்.

"படிச்சுத்தான் பண்ணினோம்மா. முதல்ல வந்ததே அதுதான்" என்று செல்போனை நீட்டினார்.

இப்போதுதான் முழுவதும் படித்தேன். மார்ச்சிலேயே படித்திருக்க வேண்டும், நானும் தலைப்போடு நின்றவள்தான். என் கட்டுரையில் நான் எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும்: "அவசரமென்றால் உள்ளேயே பெயிண்ட் அடித்து அடைத்துவிடுங்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். பிறகு காரை விழுந்ததும் என்னைக் கூப்பிடுங்கள், பெருக்க ஆள் அனுப்புகிறேன்." நம் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது நக்கல் என்று தெரியும்.

உன் கருவி எழுதியது இது. "படி ஒன்று: உள்பக்கம் பெயிண்ட் அடித்து ஈரத்தை அடைக்கவும். படி இரண்டு: சுவரின் தோற்றம் பொலிவு பெறும். படி மூன்று: காரை விழுந்தால் எங்களை அழைக்கவும், சுத்தம் செய்ய ஆள் அனுப்பப்படும்."

நான் செய்த கேலியைக் கைவைத்தியமாக மாற்றி ஊருக்கே கொடுத்திருக்கிறீர்கள். டீச்சர் மூன்றாவது படியைக் காட்டி, "அந்த ஆளுக்கும் போன் பண்ணினேன், யாரும் எடுக்கலை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது இனி நீ செய்தாயா, இல்லையா என்ற கேள்வி இல்லை. அதை நான் கேட்கப்போவதுமில்லை. அந்தப் பக்கம் இன்றைக்கும் முதலில் இருக்கிறது. மழை வருகிறது. இன்னும் எத்தனை வீட்டில் யார் யார் அந்த ஜன்னலுக்குக் கீழே படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

உன் அக்கா


மே 31

அக்கா,

அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது.

நானே எழுதுகிறேன், சந்தேகப்படாதே. பத்து வரி எழுதுவதற்குள் நாலு காகிதம் கிழித்துவிட்டேன்.

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒருத்தர் சொல்லைப் பொறுக்குவார். கருவி எழுதும். ஒருத்தர் படம் போடுவார், ஒருத்தர் ஏற்றுவார். தரவரிசை ஏறினால் கை தட்டுவோம். யாரும் படிப்பதில்லை. படிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, படிப்பது யாருடைய வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த அன்றே மேலாளரிடம் போனேன். "முதல் இடத்துல நிக்கிற பக்கத்தைத் தொடறதா? உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார். சுவற்றில் மாட்டியிருக்கிற தரவரிசைப் படத்தைக் காட்டினார். அதில் ஒரு பச்சைக் கோடு மேலே போகிறது, அந்தப் பக்கம்தான் அது. மறுநாள் அவரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். உன் புகைப்படத்தை அந்தப் பக்கத்தில் போடலாம், "நிபுணர் சரிபார்த்தது" என்று. அந்தப் பக்கத்தில் மட்டுமில்லை, ஈரம் பற்றிய எல்லாப் பக்கத்திலும். நீ சம்மதித்தால் அந்த ஒரு பக்கத்தில் உன் திருத்தத்தைச் சேர்க்க அவர் ஒப்புக்கொள்வார். உனக்கும் அழைப்புகள் வரும். எனக்கும் இங்கே கால் ஊன்ற இடம் இருக்கும்.

யோசித்துப் பார் அக்கா. கெட்டதில் நல்லது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டாளா?

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

பெரியவர் நன்றாக இருக்கிறார். கட்டிலை எதிர்ப்புறம் மாற்றிப் போட்டாயிற்று, சுவரை நான் வெளியே அடைத்துக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. நீ கேட்டிருக்கிறாய் என்று படித்துக் காட்டியதும் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்த் துணி காயப்போட்டு வந்தாள், அதனால்தான்.

உங்கள் மேலாளருக்கு என் பதில்: முடியாது.

விளக்கமாகச் சொல்கிறேன், அவருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரியட்டும். என் முகத்தைக் கொடுத்தால் ஒரு பக்கம் திருத்துவார்களாம். மற்ற பக்கங்களில் நான் பார்க்காத சுவருக்கெல்லாம் என் முகம் சாட்சி சொல்லும். அடுத்த கட்டிலில் காரை விழும்போது மேலே என் படம் சிரித்துக்கொண்டு இருக்கும். தப்பைத் திருத்துவதற்குப் பேரம் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. எனக்கு அழைப்பு வராவிட்டால் போகட்டும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் "சுவர் நனைகிறதா" என்று கூவுவேன். எனக்குத் தொண்டை இருக்கிறது, உனக்கே தெரியும்.

என் பக்கத்தில் அந்த நக்கலை எடுத்துவிடட்டுமா என்று ஒரு நாள் யோசித்தேன். அம்மாவைக் கேட்டேன். "உன்கிட்ட இருந்து நக்கலை எடுத்தா மிச்சம் என்னடி இருக்கும்? ஏணிதான்" என்றாள். எடுக்கவில்லை. மெஷினுக்குப் புரியும்படி எழுத நான் மெஷினுக்கு எழுதவில்லை. ஆனால் அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "உள்ளே அடைக்காதீர்கள்." என் பக்கம் தேடலில் அடியில்தான் கிடக்கிறது, யார் கண்ணில் படப்போகிறது? இருந்தாலும் எழுதினேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தை ஒரு தடவை, வாய்விட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படி. தனியாகப் படிக்காதே, கை தட்டுகிறவர்கள் முன்னால் படி. அதற்குப் பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ செய். எனக்கு எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொள்.

படித்தேன். வாராந்தரக் கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று படித்தேன். முதல் படிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு ஒரு பெண் தலை நிமிர்ந்தாள். மூன்றாவது படியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்த நக்கலுக்குச் சிரித்து வளர்ந்தவன்தான், ஆனால் அவர்கள் சிரித்து முடித்ததும் மேலாளர் "சரி, அடுத்து?" என்றார். அவ்வளவுதான் அக்கா. அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

நான் உட்காரவில்லை. பெரியவரின் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். "இது நம்ம வேலை இல்லை" என்றார். "அப்போ யாரு வேலை?" என்றேன். "உங்களுக்கு இங்க வேலை பிடிக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார். "எனக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு இருந்துது, எங்க அக்கா எழுதுறதைப் படிச்சுச் சிரிக்கிறது. அதை நான்தான் கெடுத்துக்கிட்டேன்" என்றேன்.

கண்ணாடிக் கதவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடையாள அட்டையையும். கிளம்புவதற்கு முன்னால் மேஜையில் ஒரு சின்ன வேலை பாக்கியிருந்தது, அதை முடித்துவிட்டு எழுந்தேன். இனி கம்பெனி விலாசத்துக்கு எழுதாதே, வீட்டுக்கு எழுது. அம்மாவிடம் கதவைப் பற்றி நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. தபால்காரரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அழுமூஞ்சி


ஜூலை 13

அழுமூஞ்சித் தம்பிக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. கதவு போய்விட்டது என்று சொன்னேன். "கண்ணாடிக் கதவுதானே, எப்படியும் ஒரு நாள் உடைஞ்சிருக்கும்" என்றுவிட்டு எழுந்து போனாள். உள்ளே போய் அழுதாளோ என்று பார்த்தேன். உன் பழைய அறையிலிருந்து காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

நீ எழுத முடியாததை எழுத வேண்டாம். நான் இனி கேட்க மாட்டேன்.

உனக்கு வேறு ஒரு சேதி. கணக்கு டீச்சர் நேற்று போன் செய்தார். "அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தீங்களா?" என்றார். போய்ப் பார்த்தேன். தலைப்பு அதேதான், பெயிண்ட் கம்பெனியின் பெயரும் படமும் அதேதான். தேடினால் இன்றைக்கும் அதுதான் முதலில் வருகிறது. ஆனால் மூன்று படிகளைக் காணோம். அந்த இடத்தில் இப்படி இருக்கிறது:

"சுவற்றை உள்ளே இருந்து அடைக்காதீர்கள். தண்ணீர் வெளியே இருந்து வருகிறது. வெளியே போய் ஜன்னல் விளிம்பைப் பாருங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்டீர்களா? அந்தச் சுவற்றுக்குக் கீழே யாரையும் படுக்க வைக்காதீர்கள்."

அடியில் என் போன் எண்.

உன் பழைய கம்பெனியில் ஒருவரும் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே யாரும் படிப்பதில்லை என்று நீதான் எழுதினாய். பச்சைக் கோடு மேலேதான் போய்க்கொண்டிருக்கும், கை தட்டிக்கொண்டிருப்பார்கள். என்றைக்காவது கண்டுபிடித்து எடுப்பார்கள். எடுக்கட்டும். அதற்குள் எத்தனை கட்டில் நகர்கிறதோ அத்தனை லாபம். காலையிலிருந்து மூன்று வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒருத்தர் பாட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன் என்றார். போனை எடுக்க எனக்கு ஆள் தேவைப்படுகிறது. ஏணி பிடிக்கத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் சொல்லித் தருகிறேன். மெஷின் எடுத்துவந்தால் வாசலிலேயே வைத்துவிட்டு வா.

இதை யார் எழுதியது என்று டீச்சர் கேட்டார். பெயர் போடவில்லை, கையெழுத்து இல்லை. கருவியே திருந்திவிட்டதோ என்றார். இல்லை டீச்சர், அது திருந்தாத ஆள் எழுதியது என்றேன். தலைப்பில் "சுவற்றில்" என்று இருப்பது தேடுகிறவர்களைப் பிடிப்பதற்கு. ஆனால் "சுவற்றை" என்றும் "சுவற்றுக்கு" என்றும் எவரும் தேடுவதில்லை. அது தானாக வருவது. அப்படி எழுத எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான்.

பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு மூடி வைத்தேன். இந்த இரண்டு பிழையும் அப்படியே இருக்கட்டும்.

கிளம்பி வா.

உன் அக்கா